இரண்டாம் முறை கற்றவர்கள்

புதுக்கோட்டை மாவட்டத்துப் பெண்களின் வரலாறு பெரும்பாலும் 1991-ல் தொடங்கி 1992-லேயே முடிந்துவிடுகிறது. அறிவொளி இயக்கம், ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியராக இருந்த காலம், சைக்கிள் ஓட்டக் கற்ற பெண்கள், குவாரிகளைத் தாங்களே குத்தகைக்கு எடுத்த கல்லுடைக்கும் பெண்கள். பதினெட்டு மாதங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிளுக்கு வந்துவிட்டதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதினார். உலகம் முழுக்க அந்தப் படங்கள் போயின. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஆண்கள் ஓட்டும் பார் வைத்த சைக்கிளில், முன்னால் பிள்ளையையும் பின்னால் தண்ணீர்க் குடத்தையும் வைத்துக்கொண்டு போகும் பெண்.

அந்தப் படத்தில் இருந்த பெண்ணுக்கு அப்போது முப்பது வயது இருக்கலாம். இப்போது அறுபதைத் தாண்டியிருப்பார். ரத்தக்கொதிப்பும் சர்க்கரையும் வந்திருக்கும். பக்கவாதம் வருகிற வயது அது. அந்தத் தலைமுறையில் வலது கையும் வலது காலும் பேச்சும் போய், கட்டிலில் கிடக்கிற பெண்களை நான் தொடர்ந்து பார்க்கிறேன். சைக்கிளில் போனபோது அவர்களைப் பற்றி எழுதிய யாரும் இப்போது எழுதுவதில்லை. அவர்கள் மறுபடி எழுந்து உட்கார்ந்த விதம், அழுத விதம், அழுகையிலிருந்து மீண்ட விதம், இவையும் இந்த மாவட்டத்துப் பெண்களின் வரலாறுதான் என்று நினைப்பதால் இதை எழுதுகிறேன்.

கைநாட்டிலிருந்து கையெழுத்துக்கு

அறிவொளி வகுப்பில் பெண்கள் முதலில் கேட்டது தங்கள் பேரை எழுதத்தான். மாதம் தவறாமல் நடந்த வகுப்பு என்று சொல்ல முடியாது. களையெடுப்பு, நடவு, பிரசவம், துக்கம் எல்லாம் குறுக்கே வரும். அரிக்கேன் விளக்கடியில், தெருத் திண்ணையில், கோயில் வாசலில் உட்கார்ந்து படித்தோம். நான் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பதினேழு வயதுத் தொண்டர். கீரனூருக்கும் அன்னவாசலுக்கும் இடைப்பட்ட எங்கள் ஊரில் என்னிடம் படித்தவர்களில் என் பெரியம்மாவும் ஒருவர். அவருக்கு அப்போது வயது முப்பத்தொன்று. குவாரியில் ஜல்லி உடைத்துக் காய்ப்புப் பிடித்த விரல்களுக்குள் பென்சில் நிற்கவே நிற்காது. “ஏத்தா, சம்மட்டிகூட சொன்ன பேச்சுக் கேக்குது, இது கேக்க மாட்டேங்குது” என்பார்.

பேரை எழுதத் தெரிந்ததும் என்ன மாறியது என்பதைப் பலர் ஆராய்ந்திருக்கிறார்கள். வெங்கடேஷ் ஆத்ரேயாவும் ஷீலா ராணி சுங்கத்தும் சேர்ந்து எழுதிய நூல் 1996-ல் வந்தது. பிரான்சிஸ் கோடி என்ற மானுடவியல் அறிஞர் புதுக்கோட்டைக் கிராமங்களில் தங்கி எழுதிய நூல் 2013-ல் வந்தது. ஆட்சியர் அலுவலகத்துக்கு மனு கொண்டுபோய், கட்டைவிரலில் மை தடவாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது ஒரு பெண்ணுக்கு என்னவாக இருந்தது என்பது அவர் கவனித்த விஷயங்களில் முக்கியமான ஒன்று. எங்கள் ஊர்ப் பெண்கள் அதை ஒரே சொல்லில் சொல்வார்கள்: மருவாதை.

2022-ல், அறுபத்திரண்டு வயதில், பெரியம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. மூளையின் இடது பக்கத்து ரத்தக்குழாயில் அடைப்பு. இடது பக்கம் பாதிக்கப்பட்டால் உடம்பின் வலது பக்கம் விழும். பெரும்பாலானவர்களுக்குப் பேச்சை ஆளும் பகுதியும் அங்கேதான் இருக்கிறது. இரண்டும் போயின. ஐந்து மாதம் கழித்து முதியோர் உதவித்தொகை எடுக்க வங்கிக்குப் போனபோது, கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று சொல்லி மைப் பெட்டியை நகர்த்தினார்கள். கட்டைவிரலைப் பிடித்து அழுத்தியவர் வேறொருவர். விழுந்த நாளில்கூட அழாத பெரியம்மா அன்று வீடு வரைக்கும் அழுதுகொண்டே வந்தார். வீட்டில் யாருக்கும் காரணம் புரியவில்லை. பணம் வந்துவிட்டதே, பிறகு ஏன் அழுகிறாய் என்று கேட்டார்கள். பதில் சொல்லப் பேச்சு இல்லை.

வாதம் என்ற ஒரே சொல்

நம்மிடம் இந்த நோய்க்குப் பழைய சொல் இருக்கிறது. சித்த மருத்துவம் வாத நோய்களை எண்பதாகப் பிரிக்கிறது. யூகி வைத்திய சிந்தாமணி அந்த எண்பதையும் வரிசைப்படுத்துகிறது. ஆனால் நம் பேச்சில் எல்லாமே ‘கை கால் விழுந்துருச்சு’ என்ற ஒரே வாக்கியத்துக்குள் வந்துவிடுகின்றன. கையும் காலும் மட்டுமே அந்த வாக்கியத்தில் இருக்கின்றன. மனசு இல்லை. அதனால் கைக்கு எண்ணெய், காலுக்குப் பயிற்சி என்று தேடுகிற குடும்பம் மனசுக்கு என்று எதையும் தேடுவதில்லை.

பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது என்பது பல நாடுகளின் ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரியவந்த உண்மை. அது விதியை நினைத்து வருந்துவது மட்டும் இல்லை. மூளையிலேயே ஏற்பட்ட சேதமும் அதில் பங்கு வகிக்கிறது. சாப்பாட்டில் விருப்பம் போவது, தூக்கம் கெடுவது, பயிற்சிக்கு வர மறுப்பது, ‘நான் இருந்து என்ன செய்யப்போறேன்’ என்பது, இதெல்லாம் அந்த நோயின் அறிகுறிகள். மருந்தும் பேச்சு வழி சிகிச்சையும் இருக்கின்றன. சோர்வு தீராமல் பயிற்சியும் பலிக்காது.

இன்னொன்று உண்டு. காரணமே இல்லாமல் அழுகை வெடித்து வரும். சில நேரம் துக்க வீட்டில் சிரிப்பு வரும். உள்ளே துக்கமோ மகிழ்ச்சியோ அந்த அளவுக்கு இருக்காது. உணர்ச்சியை அடக்கி வைக்கும் மூளைப் பாதை அறுந்துபோனதால் வருவது அது. இதற்கும் மருந்து இருக்கிறது. ஆனால் ஒரு பெண் இப்படிச் சிரித்தால் நம் ஊரில் பேய் பிடித்தது என்பார்கள். அழுதால் ‘எப்பவுமே அழுமூஞ்சி’ என்பார்கள். பெண்ணின் அழுகையை அவள் குணமாகவே பார்த்துப் பழகிய சமூகத்துக்கு, அது நோயாகவும் இருக்கலாம் என்று தோன்றுவது கடினம்.

பேச்சிழப்பும் அப்படித்தான். அஃபேசியா என்று மருத்துவத்தில் சொல்லப்படும் இந்த நிலையில் சொல் வாய்க்கு வராது. புத்தி போய்விட்டதென்று அர்த்தம் இல்லை. 1861-ல் பாரிசில் பால் புரோக்கா என்ற மருத்துவர் பரிசோதித்த நோயாளிக்கு ‘தான்’ என்ற ஒலியைத் தவிர வேறெதுவும் வராது. கேட்பது அவருக்குப் புரிந்தது. அவரை ‘தான்’ என்றே ஆஸ்பத்திரியில் கூப்பிட்டார்கள். அவரது சொந்தப் பேர் லெபோர்ன். பேச முடியாதவரின் பேரே மறைந்து, அவரிடம் மிஞ்சிய ஒலியே பேராகிவிட்ட கதை அது. எங்கள் தெருவில் பெரியம்மாவைப் பற்றி அவர் முன்னாலேயே, அவர் அங்கே இல்லாதது மாதிரி, ‘அதுக்கு நெனவு தப்பிப்போச்சு’ என்று பேசினார்கள். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

யாருடைய நோய் வரலாறாகிறது

தமிழ்நாட்டில் ஒரு பக்கவாதம் மட்டும் வரலாற்றில் நன்றாகப் பதிவாகியிருக்கிறது. 1984 அக்டோபரில் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சென்னை அப்போலோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். சிறுநீரகங்கள் செயலிழந்தன, பக்கவாதமும் வந்தது. நவம்பரில் நியூயார்க்கின் புரூக்ளினுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அவர் சாப்பிடுவதைக் காட்டும் வீடியோ தேர்தல் பிரச்சாரத்தில் ஊர் ஊராகக் காட்டப்பட்டது. டிசம்பரில், ஆண்டிபட்டிக்கு ஒருமுறைகூட வராமலே அங்கே வென்றார். 1985 பிப்ரவரியில் திரும்பி வந்து, பேச்சு தெளிவில்லாத நிலையிலும் 1987-ல் இறக்கும் வரை முதலமைச்சராக இருந்தார். அவருக்காக மண்சோறு சாப்பிட்டவர்களில் பெண்களே அதிகம். என் அம்மாச்சியும் விரதம் இருந்தார்.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. பக்கவாதம் வந்த ஒருவருக்கு என்னென்ன கிடைக்க முடியும் என்பதற்கு அது ஒரு சான்று. அவருக்கு நேரம் கொடுத்தார்கள். குழறலைப் பொறுத்துக்கொண்டார்கள். அவர் இன்னும் அவர்தான் என்று ஒரு மாநிலமே நம்பியது. இந்த மூன்றும் பணத்தால் மட்டும் வருவன அல்ல. விரதம் இருந்த அந்தப் பெண்களில் எத்தனை பேருக்கு, தங்களுக்கு வந்தபோது இவை கிடைத்தன என்றுதான் கேட்கிறேன்.

மருத்துவ வரலாற்றிலும் புதுக்கோட்டைக்குப் பெருமையான ஒரு பேர் உண்டு. 1886-ல் இங்கே பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் மன்னரின் அனுமதியோடு சேர்ந்தார். 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். தங்கை புற்றுநோயில் இறந்த துக்கத்தைச் சுமந்தே 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை நிறுவினார். வீட்டுக்குள் ஒரு பெண் பட்ட துன்பத்தைப் பொதுக் காரியமாக்கியவர் அவர். இன்று அவர் பேரில் நடக்கும் அரசுத் திட்டம் மகப்பேறு உதவித் திட்டம். அது தேவைதான். ஆனால் நம் அரசுக்குப் பெண்ணுடம்பு நன்றாகக் கண்ணில் படுவது பிள்ளை பெறும் வயதில்தான் என்பதையும் அது காட்டுகிறது.

பிள்ளை பெறும் வயதுக்கும் பக்கவாதத்துக்கும் தொடர்பு உண்டு. கர்ப்ப காலத்தில் ரத்தக்கொதிப்பும் கை கால் வீக்கமும் வந்து, வலிப்பு வரைக்கும் போன பெண்களுக்குப் பிற்காலத்தில் பக்கவாதம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். பிரசவம் முடிந்ததும் அந்தக் குறிப்பு அட்டையோடு தொலைந்துபோகிறது. பெரியம்மாவுக்கு இரண்டாவது பிள்ளைக்கு அப்படி இருந்தது. முப்பத்தைந்து வருடம் யாரும் அதைக் கேட்கவில்லை.

வந்த அன்றும் ஒரு கதை இருக்கிறது. முகம் கோணுவது, ஒரு கை தளர்வது, பேச்சு குழறுவது, இதில் ஒன்றைக் கண்டாலும் 108-ஐக் கூப்பிட வேண்டும். அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். பெரியம்மாவுக்குக் காலையில் கை மரத்தது. மாட்டைக் கட்டி, பேத்தியைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, சோறு வடித்துவிட்டுப் படுத்தார். ஆஸ்பத்திரி போனபோது சாயங்காலம்.

வீட்டின் அளவுகோல்

ஆண் விழுந்தால், ‘எப்ப எந்திரிச்சு நடப்பாரு’ என்று கேட்கிறார்கள். பெண் விழுந்தால், ‘சோறாக்குறாங்களா’ என்று கேட்கிறார்கள். பெரியம்மாவைப் பார்க்க வந்த ஒவ்வொருவரும் கேட்டது இதைத்தான். கேட்டவர்கள் கெட்டவர்கள் இல்லை. குணமான பெண் என்றால் அடுப்படியில் நிற்கும் பெண் என்ற கணக்கு எல்லாருக்கும் பழகியிருக்கிறது. அந்தக் கணக்கு அவருக்குள்ளும் இருந்தது. மருமகள் சோறு ஊட்டும்போது வாயை இறுக மூடிக்கொள்வார். நாற்பது வருடம் ஊட்டிய கை, ஊட்டி வாங்க வெட்கப்பட்டது. மலம் கழிக்க ஒருவர் தூக்க வேண்டியிருப்பதற்காகத் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார்.

மருமகளின் பக்கத்தையும் எழுதியாக வேண்டும். 2019-ல் இந்தியா முழுக்க எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, கூலியில்லா வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள்; அந்த வேலை செய்த ஆண்கள் 97 நிமிடம். வீட்டாரைப் பராமரிப்பதில் பெண்களுக்கு 134 நிமிடம், ஆண்களுக்கு 76. ஒருவர் படுக்கையில் விழும்போது கூடுகிற வேலை பெரும்பாலும் அந்தப் பெரிய எண்ணோடுதான் சேர்கிறது. மருமகள் நூறுநாள் வேலைக்குப் போவதை நிறுத்தினார். அவருக்கும் தூக்கம் போனது. ‘அத்தை அழுறப்ப எனக்குக் கோவம் வருது, அப்பறம் ராத்திரி நான் அழுவுறேன்’ என்று என்னிடம் சொன்னார். பக்கவாதத்துக்குப் பிறகான மனத்துயரைப் பற்றிப் பேசும்போது இரண்டு பேரை எண்ண வேண்டும். பராமரிப்பது அன்பு என்று சொல்லி முடித்துவிட்டால், அது வேலை என்பது மறைந்துபோகிறது; வேலை என்பது மறைந்தால் ஓய்வு கேட்கவும் முடியாது.

அந்தி நேரத்து வகுப்பு

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி செய்பவர் வீட்டுக்கே வந்தார். ரத்தக்கொதிப்பு மாத்திரையை வீட்டில் கொண்டுவந்து கொடுத்தவர், மகளிர் சுயஉதவிக் குழுவிலிருந்து வந்த சுகாதாரத் தன்னார்வலர். 2024-ல் இந்தத் திட்டத்துக்கு ஐ.நா. அமைப்பின் விருது கிடைத்தது. விருதைச் சம்பாதித்துக் கொடுத்த கால்கள் பெரும்பாலும் இந்தப் பெண்களுடையவை. அவர்கள் வாங்குவது ஊக்கத்தொகை, சம்பளம் இல்லை. காலுக்கு வழி கிடைத்தது. பெரியம்மா கோல் ஊன்றி வாசல் வரை வந்தார். மனசு வரவில்லை.

மனசுக்கு வழி கிடைத்தது பாட்டு மூலமாக. பேச்சிழந்தவர்களுக்கும் மனப்பாடமான பாட்டு வரும். மூளையில் பாட்டின் பாதை பேச்சின் பாதையிலிருந்து கொஞ்சம் விலகி ஓடுகிறது. 1970-களில் அமெரிக்காவின் பாஸ்டனில் இதை வைத்தே ஒரு சிகிச்சை முறையை உருவாக்கினார்கள். எங்களுக்கு அது தற்செயலாகத் தெரிந்தது. பழைய அறிவொளிக் கூட்டாளிகள் இரண்டு பேர், பெரியம்மாவை ‘மதினி’ என்று கூப்பிடுகிறவர்கள், ஒரு சாயங்காலம் பார்க்க வந்தார்கள். சைக்கிள் பழகிய நாளில் மேடை மேடையாகப் பாடிய பாட்டை ஒருவர் முணுமுணுத்தார். தன் பேரைச் சொல்ல வராத பெரியம்மா அடுத்த அடியைப் பாடினார். மூன்று பேரும் சிரித்தார்கள். பிறகு மூன்று பேரும் அழுதார்கள். அது நோயின் அழுகை இல்லை என்பது எல்லாருக்கும் தெரிந்தது.

அன்றிலிருந்து வாரத்தில் மூன்று நாள் அவர்கள் வந்தார்கள். நானும் பள்ளிக்கூடம் விட்டு வந்து உட்கார்ந்தேன். சிலேட்டை வாங்கி வந்ததும் பெரியம்மாவே இடது கையை நீட்டினார். முப்பத்தொரு வயதில் பழகிய எழுத்துகளை அறுபத்துமூன்று வயதில் மறுபடி. முதல் எழுத்துக்குப் பதினோரு நாள் ஆனது. அவர் ஒரு சொல்லைத் தேடும்போது நாங்கள் முந்திக்கொண்டு சொல்லக் கூடாது என்று எங்களுக்குள் ஒரு விதி வைத்துக்கொண்டோம். மனசுக்குள் பத்து வரை எண்ணுவோம். அந்த நேரத்தில் மருமகள் கோயில் வரை போய்வருவார், அல்லது சும்மா படுத்திருப்பார்.

மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநல மருத்துவரையும் பார்த்தோம். மாத்திரை கொடுத்தார். மாத்திரையும் சிலேட்டும் சேர்ந்தே வேலை செய்தன. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. எட்டாவது மாதம், வங்கியில் புதிய மாதிரிக் கையெழுத்துக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தோம். இடது கையில், சாய்ந்து சாய்ந்து, நான்கு எழுத்தும் ஒரு புள்ளியும். வலது கை திரும்பவே இல்லை. சைக்கிளும் ஓட்ட முடியாது. மழைக்காலத்துச் சாயங்காலங்களில் இப்போதும் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார். அப்போது நாங்கள் வற்புறுத்துவதில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருப்போம்.

பக்கத்து வீட்டார்

இது எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. ஹாலிவுட் நடிகை பாட்ரீசியா நீல் 1965-ல், முப்பத்தொன்பது வயதில், கர்ப்பமாக இருந்தபோது மூளையில் ரத்தக்கசிவு வந்து விழுந்தார். இங்கிலாந்தின் கிரேட் மிஸ்ஸண்டன் என்ற ஊருக்குத் திரும்பியபோது பேச்சும் எழுத்தும் இல்லை. கணவர், எழுத்தாளர் ரோல்ட் டால், அக்கம்பக்கத்தாரை முறை வைத்து வரச்சொல்லிப் பாடம் நடத்தினார். உலகம் டாலின் கண்டிப்பைப் புகழ்ந்தது. நீல் பின்னாளில் எழுதிய தன்வரலாற்றில் நன்றியும் இருக்கிறது, அந்தக் கண்டிப்பின் மேல் கோபமும் இருக்கிறது. அதிகம் பேசப்படாதவர், நாள் தவறாமல் வந்து உட்கார்ந்த பக்கத்து வீட்டுப் பெண் வலெரி ஈட்டன் கிரிஃபித். மருத்துவப் படிப்பு எதுவும் இல்லாதவர். நீல் மறுபடி நடித்து, 1968-ல் வந்த படத்துக்காக ஆஸ்கர் பரிந்துரை பெற்றார். கிரிஃபித் தன் அனுபவத்தை 1970-ல் நூலாக எழுதினார். அதிலிருந்து பிரிட்டனில் பக்கவாதம் வந்தவர்களுக்கான தன்னார்வலர் திட்டமே உருவானது.

அந்த நூலைப் பற்றி அறிந்தபோது எனக்கு அது அறிவொளித் தொண்டரின் கதையாகவே தெரிந்தது. படிப்பு அதிகம் இல்லாத, ஆனால் உட்காரப் பொறுமையுள்ள ஒருவர். குடும்பத்துக்கு வெளியே இருந்து வருகிறவர் என்பது இதில் முக்கியம். வீட்டாருக்கு அவள் அம்மா, மாமியார், மனைவி. திரும்பி வர வேண்டிய வேலையாள். கூட்டாளிக்கு அவள் கூடப் படித்தவள். மனசு எழுவதற்கு, தன்னைத் தன் பேரால் தெரிந்த ஒருவர் தேவைப்படுகிறார்.

எழுத வேண்டியவை

புதுக்கோட்டைக்கு இது புதிய பாடம் இல்லை. பெரியவர்கள் வெட்கப்படாமல் கற்பதற்கு ஓர் இடம் வேண்டும் என்பதை 1991-லேயே இந்த மாவட்டம் செய்து காட்டியது. அன்றைய தொண்டர்கள் பலருக்கு இப்போது ஐம்பது வயது; ஊரிலேயே இருக்கிறார்கள். சுயஉதவிக் குழுக்கள் இருக்கின்றன. பிசியோதெரபி வீடு வரை வருகிறது. அதோடு ‘சாப்பிடுறீங்களா, தூங்குறீங்களா, வாழணும்னு இருக்கா’ என்ற கேள்விகளைப் படுத்திருப்பவரிடமும் பார்த்துக்கொள்பவரிடமும் கேட்கிற வழக்கம் சேர வேண்டும். வாரத்தில் இரண்டு சாயங்காலம் தெருவில் ஒருவர் வந்து உட்கார வேண்டும். வரலாறு படிக்கும் மாணவிகளுக்கு இதில் இன்னொரு வேலையும் இருக்கிறது. சைக்கிள் ஓட்டிய பெண்களின் வாய்மொழியைச் சேகரிக்கப் போகும்போது, பேசத் தெளிவாக இருப்பவரை மட்டும் தேடிப் போகாதீர்கள். குழறுகிறவரிடமும் போங்கள். பத்து வரை எண்ணுங்கள். அவர் சொல்லி முடிக்கட்டும்.